நடக்கிற வேகத்துக்கு புல்லட் கட்டித் தரும் காலடிப்பேட்டை பட்டறை

பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட் 350-ஐ மனிதன் நடக்கிற வேகத்தில், கல் மேலும் மணல் மேலும், கால் ஊன்றாமல் ஓட்டத் தயார் செய்து தர வட சென்னையில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால், காலடிப்பேட்டையில் இருக்கும் இந்தப் பட்டறையைத்தான் சொல்வேன். பெயர்ப் பலகை கிடையாது. மெட்ரோவில் இறங்கி நடக்கிற தூரம்தான். திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், டீக்கடைக்கு அடுத்த ஷட்டர். வாசலில் எப்போதும் இரண்டு மூன்று புல்லட் பிரித்துப் போட்டபடி நிற்கும். பட்டறைக்காரரை ‘புல்லட் அண்ணன்’ என்று கேட்டால் தெருவில் யாரும் காட்டிவிடுவார்கள்.

வேகம், சத்தம், பளபளப்பு வேண்டுமென்றால் வேறு கடை பாருங்கள். அதற்கு ஊரில் ஆள் நிறைய. நான் இங்கே வண்டியைக் கொடுத்தது அப்சர்வ்ட் ட்ரயல்ஸுக்காக. அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அது நேரத்தை வெல்லும் பந்தயம் இல்லை. பாறை, மேடு, சேறு, ஓடை என்று இயற்கையாகவோ செயற்கையாகவோ அமைந்த சின்னச் சின்னப் பகுதிகளை நாடா கட்டி எல்லை போட்டிருப்பார்கள். அதற்கு செக்‌ஷன் என்று பெயர். ஒவ்வொரு செக்‌ஷனிலும் ஒரு கண்காணிப்பாளர் நிற்பார். ஒரு தடவை கால் தரையில் பட்டால் 1 புள்ளி, இரண்டு தடவை பட்டால் 2, அதற்கு மேல் எத்தனை தடவை பட்டாலும் 3. விழுந்தாலோ எல்லையைத் தாண்டினாலோ 5. கடைசியில் யாருக்குப் புள்ளி குறைவோ அவருக்கே வெற்றி. உட்கார்ந்து ஓட்டுகிற வேலையே கிடையாது, முழுக்க பெடலில் நின்றபடிதான். அதற்கென்றே செய்த இன்றைய வண்டிகள் 70 கிலோ சொச்சம்தான் இருக்கும், சீட் என்று சொல்லும்படி ஒன்றும் இருக்காது.

அப்படியிருக்க 160 கிலோவுக்கு மேல் எடையுள்ள புல்லட்டை ஏன் இதற்கு எடுத்தாய் என்று நண்பர்கள் எல்லோரும் கேட்டார்கள். காரணம் இந்த மண்ணிலேயே இருக்கிறது. பின்சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் அசைகிற ஸ்விங் ஆர்ம் வைத்த புல்லட் முதன்முதலாக வெளியே தலைகாட்டியது 1948-இல், இங்கிலாந்தில் கோல்மோர் கப் என்ற ட்ரயல்ஸ் போட்டியில். அப்புறம் ஜானி பிரிட்டன் என்ற இளைஞர் 350 புல்லட்டில் ஸ்காட்லாந்தின் ஆறு நாள் ட்ரயல்ஸை 1952-இலும் 1957-இலும் ஜெயித்தார். இடையில், 1955-இல், என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் உருவாகி, அதே புல்லட் நம் திருவொற்றியூரில் தயாராகத் தொடங்கியது. ஊர்க்காரர்களுக்கு அது சங்கு ஊதி ஷிஃப்ட் விடுகிற கம்பெனி, மாப்பிள்ளை வண்டி, போலீஸ் வண்டி. பாறை ஏறிப் பரிசு வாங்கிய வண்டி என்பது இங்கே பலருக்குத் தெரியாது. எனக்கு அது பெரிய விஷயம். திருவொற்றியூர் தேரடியில் வளர்ந்தவன் நான்.

எஞ்சினும் அதற்கு ஏற்றதுதான். சிலிண்டரின் அகலம் (போர்) 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்குகிற தூரம் (ஸ்ட்ரோக்) 90 மில்லிமீட்டர். உள்ளே, சுற்றின வேகத்தை விடாமல் வைத்திருக்கிற கனமான ஃப்ளைவீல். ஆக்ஸிலேட்டரைத் தொடாமலே ஒவ்வொரு அடியாக எண்ணி எண்ணிப் போகும். ஆனால் சாதாரணப் பட்டறையில் சர்வீஸ் செய்த புல்லட்டை எடுத்துக்கொண்டு கல் மேல் போய்ப் பாருங்கள். கிளட்சைப் பிடித்தும் வண்டி முன்னால் இழுக்கும். ஸ்லோ, அதாவது ஆக்ஸிலேட்டரை விட்டாலும் எஞ்சின் தானாக ஓடுகிற வேகம், ஒரு நேரம் நிற்கும், ஒரு நேரம் ஏறும். திடீரென்று அணைந்துபோகும். ரோட்டில் இதெல்லாம் யாருக்கும் குறையாகவே படாது. செக்‌ஷனில் ஒவ்வொன்றும் ஒரு தடவை கால் ஊன்ற வைக்கும்.

முதல் நாள் என் வண்டியை அண்ணன் ஸ்டார்ட் பண்ணிக்கூடப் பார்க்கவில்லை. “இன்னா தம்பி, வண்டி ஓடணுமா, நடக்கணுமா?” என்றார். நடக்கணும்ணா என்றேன். “ஓடுறதுக்கு யார் வேணா பண்ணித் தருவான். நடக்கணும்னா உன்னை நான் பார்க்கணும். எங்க ஓட்டுற?” என்று கேட்டு, அடுத்த ஞாயிறு மணலி புதுநகர் பக்கம் நாங்கள் பழகுகிற காலி மனைக்கே வந்துவிட்டார். நண்பர் ஒருவரின் இடம் அது. கருங்கல், உடைந்த கான்கிரீட் குழாய், லாரியில் கொட்டிய மணல், ஒரு பழைய மண் கரை. அவ்வளவுதான் எங்கள் மைதானம். அண்ணன் ஒரு கல்லில் உட்கார்ந்து, நான் ஓட்டும்போது என் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டியைப் பார்க்கவே இல்லை. இந்தப் பட்டறைக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பதற்கு முதல் காரணம் இதுதான். ஓட்டுகிறவன் விரல் என்ன செய்கிறது என்று பார்த்துவிட்டு ஸ்பானரை எடுத்த மெக்கானிக்கை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

வேலை கிளட்சில் ஆரம்பித்தது. ட்ரயல்ஸில் கிளட்ச்தான் உயிர். ஆக்ஸிலேட்டரை ஒரே அளவில் பிடித்துக்கொண்டு, சக்கரத்துக்கு எவ்வளவு இழுப்பு போகவேண்டும் என்பதை இடது கை விரலால்தான் தீர்மானிக்கிறோம். பழைய புல்லட்டில் கிளட்ச் முழுதாக விடுபடாமல் இழுப்பது எல்லோருக்கும் தெரிந்த நோய். பெரும்பாலான கடைகளில் கேபிளை இறுக்கி அனுப்பிவிடுவார்கள். அண்ணன் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, என்னைக் கிளட்ச் லிவரை மெதுவாகப் பிடித்து விடச் சொன்னார். டார்ச் அடித்து, கிளட்ச் பிளேட்டுகளை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் பிளேட்டின் ஓரத்தைக் காட்டினார். ஒரு பக்கம் முதலில் தூக்கியது, எதிர்ப்பக்கம் பிந்தித்தான் வந்தது. அந்தச் சாய்வினால் உள்ளே பிளேட்டுகள் ஒரு பக்கம் உரசிக்கொண்டே இருந்திருக்கின்றன. ஸ்பிரிங் மூன்றையும் எடுத்து பெஞ்சில் நிற்க வைத்து உயரம் பார்த்தார். ஒன்று மட்டும் தளர்ந்திருந்தது. செட்டாக மாற்றினார். ஸ்டீல் பிளேட்டை ஒவ்வொன்றாகக் கண்ணாடித் துண்டின் மேல் வைத்து விரலால் ஓரத்தைத் தட்டினார். ஆடிய இரண்டைத் தூக்கிப் போட்டார். மறுபடி கோர்த்து, ஒரு ஸ்பிரிங்குக்கு மெல்லிய வாஷர் கொடுத்து, லிவரைப் பிடிக்கச் சொல்லி, பிளேட் நாலாபக்கமும் ஒரே நேரத்தில் எழும்புகிற வரை விடவில்லை. மதியச் சாப்பாடு ஆறிப்போனது. அந்த அறைக்கு கெட்டியான எஞ்சின் ஆயில் வேண்டாம், ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகளுக்கு ஊற்றுகிற சன்னமான ஆயில் போதும் என்று அதையே ஊற்றினார். கேபிளை உள்ளே நைலான் குழாய் இருக்கிற ரகமாக மாற்றி, கூர்மையான வளைவு இல்லாமல் வழியை மாற்றிவிட்டார்.

இப்போது இரண்டு விரலால் பிடிக்க முடிகிறது. பிடித்தால் வண்டி அப்படியே நிற்கிறது. முதல் கியர் போட்டு, எஞ்சின் ஓட, கல்லின் விளிம்பில் முன் சக்கரத்தைச் சாய்த்து நின்று, அடுத்து எங்கே போவது என்று யோசிக்க நேரம் கிடைக்கிறது. இதற்குமுன் அந்த நேரம் எனக்குக் கிடைத்ததே இல்லை.

அடுத்தது டேப்பெட்டும் இக்னிஷனும். பழைய புல்லட்டில் வால்வைத் திறக்கிற டேப்பெட்டைச் சரிசெய்ய, இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜ் தேவையில்லை. எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும், பிஸ்டன் கம்ப்ரஷன் உச்சியில் இருக்க வேண்டும், வால்வைத் தள்ளுகிற கம்பியான புஷ் ராடு விரலால் உருட்டினால் சுற்ற வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக்கூடாது. அண்ணன் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ராடை உருட்டியபடி கண்ணை வேறெங்கோ வைத்திருந்தார். நட்டை இறுக்கினபின் மறுபடி உருட்டிப் பார்த்தார். இறுக்கும்போது நகர்ந்திருந்தது. திரும்பத் தளர்த்தி, மறுபடியும் வைத்தார். எனக்குப் பக்கத்தில் நின்ற பட்டறைப் பையன், “அண்ணா அந்த ராடு ரெண்டையும் சத்தத்துலயே சொல்லிடுவாரு” என்றான்.

ஸ்லோ ஏறி இறங்கியதற்குக் காரணம் கார்புரேட்டர் என்றுதான் நான் நினைத்திருந்தேன், வேறு இரண்டு கடைகளிலும் அதையே கழுவிக் கொடுத்திருந்தார்கள். இவர், தீப்பொறி விழுகிற நேரத்தைத் தீர்மானிக்கிற பாயிண்டுக்குப் பின்னால் இருக்கிற அட்வான்ஸ் யூனிட்டைத் திறந்தார். அதில் உள்ள இரண்டு சின்ன ஸ்பிரிங்கும் இழுபட்டுத் தொங்கிக் கிடந்தன. வேகம் ஏற ஏறத்தான் தீப்பொறி முந்தி விழவேண்டும். ஸ்பிரிங் தளர்ந்தால் மெதுவாக ஓடும்போதே முந்திவிடும், எஞ்சின் சீராக நிற்காது, கிக்கரும் காலைத் திருப்பி அடிக்கும். புது ஸ்பிரிங் போட்டு, பாயிண்ட் இடைவெளியை 0.35 மில்லிமீட்டரில் வைத்து, டைமிங்கைப் பிடித்தார். ஹெட்லைட் மேல் இருக்கிற ஆம்மீட்டர் முள் துடிக்கிறதைப் பார்த்துத்தான் பாயிண்ட் திறக்கிற இடத்தைக் கண்டுபிடித்தார். அப்புறம்தான் கார்புரேட்டரின் காற்று ஸ்குருவைத் தொட்டார், அதுவும் கால் திருப்பு. முதல் கியரில் கையை எடுத்துவிட்டாலும் இப்போது மணலில் தன் பாட்டுக்கு நகர்கிறது.

வண்டி இன்னும் மெதுவாக நகர கியர் விகிதத்தைக் குறைப்பதில்தான் நிறைய யோசிக்க வேண்டியிருந்தது. புல்லட்டில் முன் ஸ்ப்ராக்கெட், அதாவது செயின் ஓடுகிற பல் சக்கரம், கிளட்சுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும், மாற்ற வேண்டுமென்றால் அந்தப் பக்கம் முழுவதையும் கழற்றணும். பின் ஸ்ப்ராக்கெட்டோ பிரேக் டிரம்மோடு ஒரே வார்ப்பாக வரும், தனியாகக் கழற்றி மாற்ற முடியாது. கிளட்சைக் கழற்றிய அன்றைக்கே முன்னால் பல் குறைந்ததைப் போட்டுவிட்டார். இரண்டு தடவை கூலி வாங்கியிருக்கலாம், வாங்கவில்லை. பின்னாலுக்கு, தண்டையார்பேட்டையில் தனக்குத் தெரிந்த லேத்து பட்டறைக்கு டிரம்மைக் கொடுத்து, பழைய பல்லைக் கடைந்து எடுத்துவிட்டு, பெரிய ஸ்ப்ராக்கெட் வளையத்தை போல்ட் போட்டு உட்கார வைத்தார்கள். லேத்துக்காரர் டிரம்மின் உட்பக்கத்தையும் ஒரு இழை கடைந்து, பிரேக் லைனிங்கை அதன் வளைவுக்கே தேய்த்துக் கொடுத்தார். டிரம் பிரேக்தான் என்றாலும் இறக்கத்தில் பின்சக்கரம் வழுக்காமல் பிடிக்கிறது. இது கேட்காமல் கிடைத்தது.

அப்புறம் உடம்பு வேலை. புல்லட் ஃப்ரேமில் எஞ்சினுக்கு அடியில் குழாய் கிடையாது. எஞ்சினே ஃப்ரேமின் ஒரு பகுதி. ஆயிலும் எஞ்சின் வார்ப்புக்குள்ளேயேதான் இருக்கிறது. அடியில் ஒரு கல் சரியாக அடித்தால் ஆயிலோடு போட்டியும் முடிந்தது. அதனால் அடித்தகடு முதல் தேவை. அலுமினியத் தகட்டை வளைத்து, நடுவில் கன்வேயர் பெல்ட் ரப்பர் துண்டு கொடுத்து மாட்டினார், ஆயில் இறக்குகிற நட்டுக்கு ஓட்டையும் விட்டு. சைலென்சரை மேலே தூக்கினார். கால் பெடலைக் கீழேயும் பின்னாலும் தள்ளி, பல் வைத்து அகலமாகச் செய்தார். வலது பக்கப் பெடல் கிக்கர் இறங்குகிற பாதையில் வந்ததால் அதை மட்டும் மடங்குகிற மாதிரி வைத்தார்.

இந்த வெல்டிங்கில்தான் எனக்கு மனக்குறை. வலது பெடல் பிடிமானம் முதல் முறை மனையில் குதித்தபோதே விரிசல் விட்டது. நின்றுகொண்டு ஓட்டுகிற விளையாட்டில் பெடல் உடைவது சின்ன விஷயம் இல்லை, முழங்கால் போயிருக்கும். கொண்டுபோனதும் மறுபேச்சு பேசாமல், உள்பக்கம் முக்கோணத் தகடு வைத்து மறுபடி அடித்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. அதற்குப் பிறகு பிரச்சினை இல்லை. ஆனால் முதலிலேயே வைத்திருக்க வேண்டிய தகடு அது. நீங்கள் பெடல் வேலை கொடுத்தால் அதைக் கேட்டு வாங்குங்கள். வெல்டிங் பார்க்கவும் அழகாக இருக்காது.

சொன்ன தேதியில் வண்டி வராது. வியாழன் என்றால் அடுத்த திங்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். போன் எடுப்பதும் அபூர்வம். பில் கிடையாது, ஒரு நோட்டில் எழுதிக் காட்டுவார், கூட்டல் சரியாக இருக்கும். கூலியும் லேத்துச் செலவும் சேர்த்து எனக்கு ஏறக்குறைய 14,000 ரூபாய் ஆனது, பாகங்கள் தனி. செய்த வேலைக்கு அது குறைவு என்றே நினைக்கிறேன். புதுத் தலைமுறை புல்லட்டை, அதாவது ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் வண்டியை, அவர் தொடமாட்டார். முன் ஃபோர்க்கை மென்மையாக்கித் தரக் கேட்டேன், ஆயில் மாற்றி சீல் போட்டதோடு சரி. அதில் அவருக்கு ஆர்வமில்லை.

டயரைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ட்ரயல்ஸ் டயர் என்பது தனி ரகம், 4 முதல் 6 பி.எஸ்.ஐ. காற்றில் கல்லின் மேல் பிதுங்கிப் பிடித்துக்கொள்ளும். நான் ஓட்டுவது டியூப் போட்ட, கட்டை கட்டையாகப் பூ உள்ள பட்டன் டயர். அதில் அவ்வளவு இறக்கினால் டயர் ரிம்மின் மேல் நழுவி டியூப் மவுத்தைப் பிய்த்துவிடும். அண்ணன் பின் ரிம்மில் ஓட்டை போட்டு, டயரை ரிம்மோடு கவ்விப் பிடிக்கிற ரிம் லாக் வைத்துக் கொடுத்தார். அதனால் 10 வரை தைரியமாக இறக்குகிறேன். பெட்ரோல் பங்க் கேஜில் இந்த அளவெல்லாம் சரியாகத் தெரியாது, சின்ன அளவு காட்டுகிற கேஜ் ஒன்று சொந்தமாக வேண்டும். ரிம் லாக் போட்டபின் ஸ்போக்கைப் புதிதாக இழுத்து கோட்டம் எடுத்ததும் அவர்தான்.

கட்டி வாங்கிய பிறகு பராமரிப்புக்கும் இவரிடமே போகிறேன். காரணம் கடல் காற்று. எண்ணூர் விரைவுச் சாலைப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இது புரியும். கண்டெய்னர் லாரித் தூசும் உப்பும் சேர்ந்து ஸ்போக் நிப்பிளையும் பிரேக் கேமையும் கேபிள் முனையையும் தின்றுவிடும். மணலில் விழுந்த வண்டியை பிரஷர் வாட்டரில் அடிக்கக் கூடாது என்பது அவர் கறாராகச் சொல்கிற ஒன்று. தண்ணீர் ஹேண்டில் திரும்புகிற இடத்து பேரிங்கான கோன்செட்டுக்குள்ளும் வீல் பேரிங்குக்குள்ளும் ஏறி, கிரீஸைத் தள்ளிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிடும். பட்டறையில் வாளித் தண்ணீர், பிரஷ், டீசல், காற்று, அதற்குப்பின் கிரீஸ். பிரேக் கேமை வெளியே எடுத்து, துருவைத் தேய்த்து, துளி கிரீஸ் வைத்துப் போடுவதை ஒவ்வொரு தடவையும் செய்கிறார். ஸ்விங் ஆர்ம் புஷ்ஷை அசைத்துப் பார்க்காமல் வண்டியைத் திருப்பித் தந்ததே இல்லை. ரோட்டு வண்டிக்கு வருடத்துக்கு ஒருமுறை போதுமான வேலைகள் இவை. ஈர மணலில் விழுந்து எழுகிற வண்டிக்கு ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. இப்படி மாற்றிய வண்டியை ரோட்டில் ஓட்டாதீர்கள். பதிவுச் சான்றில் இருப்பதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்கிறது. நான் குட்டி யானை லோடு வண்டியில் ஏற்றித்தான் மனைக்குக் கொண்டுபோகிறேன். கழற்றிய பாகங்களை அண்ணன் ஒரு சாக்கில் கட்டி, பேர் எழுதிக் கொடுத்துவிடுவார்.

போகிறவர்கள் காலை பத்து மணிக்கு மேல் போங்கள். மாசி மாதம் தியாகராஜர் கோயில் திருவிழா சமயத்தில் தேரடிப் பக்கம் வண்டி கொண்டுபோகவே முடியாது, அந்த நாட்களை விட்டுவிடுங்கள். பாயிண்ட் செட், கேஸ்கெட், கிளட்ச் ஸ்பிரிங் மூன்றையும் நல்ல சாமானாக நீங்களே வாங்கிக்கொண்டு போவது நல்லது. அவரிடம் இருப்பு வைத்திருக்க மாட்டார், பையனை அனுப்பி வாங்கினால் அந்த நேரத்துக்கு என்ன கிடைக்கிறதோ அதுதான். முக்கியமாக, எங்கே எப்படி ஓட்டுகிறீர்கள் என்று ஒரு வீடியோ எடுத்துப் போங்கள். உங்கள் இடது கை தெரிகிற மாதிரி.